வீட்டுப் பராமரிப்பும் துணைக் காப்பீடும்: தில்லித் தமிழ் முதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

துவாரகாவில் வசிக்கும் என் பெரியம்மாவுக்கு 82 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பிய நாளிலிருந்து அவர் மகளான அக்கா ஒரு கோடு போட்ட நோட்டில் செலவுக் கணக்கை எழுதி வந்தாள். பியூரோ (வீட்டு உதவிக்கு ஆள் அனுப்பும் நிறுவனம்) அனுப்பிய பகல் டியூட்டி அட்டெண்டன்ட், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றிய நர்ஸ், பிசியோதெரபி, வாடகைக்கு எடுத்த கட்டில், காற்று மெத்தை, வாக்கர், டயப்பர், மாத்திரை என்று பக்கங்கள் நிறைந்துகொண்டே போயின. மூன்று மாதக் கணக்கைக் கூட்டி, பில்களை அடுக்கி, பெரியம்மாவின் பெயரில் இருந்த தனியார் பாலிசிக்கு அனுப்பினோம். மாத்திரைக்கும், கட்டு மாற்றியதற்கும், பிசியோதெரபிக்கும் முதல் 60 நாள்களுக்கு உட்பட்ட பணம் வந்தது. அட்டெண்டன்ட்டின் சம்பளம், கட்டில், வாக்கர், டயப்பர் ஆகிய எதற்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. நோட்டில் பாதிக்கு மேல் இடம் பிடித்திருந்தவை இவைதாம்.

அந்த நிறுவனத்தின்மேல் முதலில் கோபம் வந்தது உண்மை. பாலிசித் தாளை முதல்முறையாக முழுவதும் படித்த பிறகு கோபம் எங்கள்மேல் திரும்பியது, ஏனென்றால் அவர்கள் மறுத்த ஒவ்வொன்றும் அதில் முன்பே எழுதப்பட்டிருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப்படும் முதியவருக்கு, இருக்கிற பாலிசிக்கு மேல் இன்னொரு காப்பீடு எடுக்கலாமா என்று கேட்பவர்கள் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் இப்போது பெருகிவிட்டார்கள். பிள்ளைகள் குருகிராமிலோ சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ இருக்க, பெற்றோர் மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் தனித்திருக்கும் வீடுகளில் இது வெறும் பேச்சுக்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல. ஆனால் எந்தப் பாலிசியை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால், காப்பீடு எதைப் பராமரிப்பு என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வி நிற்கிறது.

சிகிச்சை வேறு, கவனிப்பு வேறு

வீட்டில் நடக்கும் உதவிகளை நாம் எல்லாவற்றையும் சேர்த்து ‘பார்த்துக்கொள்வது’ என்று சொல்லிவிடுகிறோம். காப்பீடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஊசி போடுவது, புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது, மூக்குக் குழாய் வழியாக உணவு செலுத்துவது, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றுவது, நரம்பு வழியாக மருந்து ஏற்றுவது ஆகியவை மருத்துவர் எழுதிக்கொடுத்து, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய சிகிச்சை. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, கைபிடித்து நடக்க வைப்பது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, ஊட்டிவிடுவது ஆகியவை அன்றாடக் கவனிப்பு. முதலாவது நோயினால் வருகிறது. இரண்டாவது பெரும்பாலும் முதுமையினால் வருகிறது. இந்தியாவில் விற்கப்படும் மருத்துவக் காப்பீடு நோய்க்கானதே தவிர முதுமைக்கானதன்று.

ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., மருத்துவக் காப்பீட்டின் பொதுவான விலக்குகளுக்கு ஒரே மாதிரியான வாசகத்தையும் குறியீட்டெண்ணையும் வகுத்திருக்கிறது. பாலிசித் தாளில் ‘எக்ஸ்க்ளூஷன் 05’ என்ற குறியீட்டைத் தேடிப் பாருங்கள். ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் பராமரிப்பவருக்கு இடைவேளை தருவதற்காகவும் மேற்கொள்ளும் ஏற்பாடுகளை அது விலக்குகிறது. குளித்தல், உடுத்துதல், நடமாடுதல் போன்றவற்றுக்குத் தரப்படும் உதவி வீட்டில் நடந்தாலும் விடுதியில் நடந்தாலும், செய்பவர் தேர்ந்த நர்ஸானாலும் சாதாரண உதவியாளரானாலும், பணம் கிடையாது என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. கடைசி நாள்களில் நோயாளியின் உடல், மனம், ஆன்மிகத் தேவைகளுக்காகச் செய்யப்படும் சேவைகளும் அந்த விலக்கில் அடக்கம். நல்ல நர்ஸை வைத்தால் பணம் வரும் என்று நினைப்பவர்கள் இந்த வாசகத்தைக் கவனிக்க வேண்டும். யார் செய்கிறார் என்பது இங்கே இரண்டாம் பட்சம். என்ன செய்யப்படுகிறது என்பதுதான் முதலில் பார்க்கப்படுகிறது.

இதோடு, பணம் தரப்படாத 68 சில்லறைப் பொருள்களும் சேவைகளும் அடங்கிய ஒரு பட்டியலும் பாலிசிகளின் பின்னிணைப்பில் இருக்கும். டயப்பர், கமோடு, நடைக்கருவி, ஆவி பிடிக்கும் கருவி, மருத்துவமனைக்கு வெளியே பயன்படும் ஆக்சிஜன் சிலிண்டர், அட்டெண்டன்ட் கட்டணம் எல்லாம் அதில் வரிசையாக உள்ளன. வீட்டில் படுக்கையோடு இருப்பவரின் மாதச் செலவைப் பார்த்து எழுதிய பட்டியலோ என்று தோன்றும் அளவுக்கு அது பொருந்திப்போகிறது.

வீடே மருத்துவமனையாகக் கருதப்படும் இடங்கள்

அப்படியானால் வீட்டுச் சிகிச்சைக்குக் காப்பீடே இல்லையா என்றால், இருக்கிறது; அதற்கு மூன்று வாசல்கள் உண்டு. மூன்றையும் ஒன்றென்று மயங்குவதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் வருகின்றன.

முதல் வாசல், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் வரும் காலம். உள்நோயாளியாகச் சேர்ந்த அதே நோய்க்காக, வீடு திரும்பிய பின் 60 நாள்வரை ஆகும் மருத்துவச் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்கின்றன; சில பாலிசிகளில் இது 90 அல்லது 180 நாள். பெரியம்மாவுக்குக் கிடைத்த பணம் இந்த வாசல் வழியாக வந்ததே. மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் தாளில் ‘வீட்டில் கட்டு மாற்ற வேண்டும், பிசியோதெரபி தேவை’ என்று எத்தனை நாளைக்கு என்பதோடு சேர்த்து எழுதி வாங்கியிருந்தால் இந்தப் பணம் சிக்கலில்லாமல் வரும். எழுதாமல் வாயால் சொல்லிவிட்டுப் போனால், பின்னால் அதே மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இரண்டாம் வாசலுக்கு ‘டொமிசிலியரி’ சிகிச்சை என்று பெயர். சாதாரணமாக மருத்துவமனையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டிய நோயை, நோயாளியை நகர்த்த முடியாத நிலையிலோ மருத்துவமனையில் இடம் கிடைக்காத நிலையிலோ வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது இது. வீட்டில் வைத்துக்கொள்ள நமக்கு விருப்பமாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. வழக்கமாகக் குறைந்தது மூன்று நாள் சிகிச்சை தொடர்ந்திருக்க வேண்டும் என்பதோடு, ஆஸ்துமா, நீரிழிவு, ரத்த அழுத்தம், மூட்டுவாதம், வலிப்பு, சாதாரணக் காய்ச்சல், இருமல் போன்றவற்றைப் பல பாலிசிகள் இந்தப் பிரிவிலிருந்து ஒதுக்கிவிடுகின்றன. முதியவர்களுக்கு அடிக்கடி வருபவை எவையோ அவைதாம் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டால் அவரை மறுத்துப் பேச என்னால் இயலாது.

மூன்றாம் வாசல் ‘ஹோம் கேர்’ சிகிச்சை. கொரோனாக் காலத்தில், 2020இல், எல்லா நிறுவனங்களும் விற்ற கொரோனா கவச் பாலிசியில் வீட்டுச் சிகிச்சைக்கு 14 நாள்வரை இடம் தரப்பட்டது. அப்போதுதான் இந்தச் சொல் பொதுமக்கள் காதில் பரவலாக விழுந்தது. இதில் நோயாளியை நகர்த்த முடியாது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவர் வீட்டிலேயே சிகிச்சை பெறும்படி எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் மருத்துவர் கண்காணிக்கும் தொடர்ந்த சிகிச்சையாக இருக்க வேண்டும். என்ன மருந்து, என்ன அளவு, உடல்நிலை எப்படி என்று அன்றாடம் எழுதிய அட்டவணையில் மருத்துவரின் கையெழுத்து இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும், வீட்டில் நடந்தது உண்மையான சிகிச்சையாகவே இருந்தாலும், தாளளவில் அது வெறும் கவனிப்பாகிவிடுகிறது. எல்லாப் பாலிசிகளிலும் இந்தப் பிரிவு இல்லை. இருப்பவற்றிலும் காப்புத் தொகையில் இத்தனை சதவீதம்தான் என்ற உச்சவரம்பு இருக்கக்கூடும்.

இன்னொரு சிறு விஷயம். பாலிசியின் மொழியில் நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவர். பியூரோக்காரர் போனில் ‘சிஸ்டர் அனுப்புகிறோம்’ என்பார். வருபவர் அன்பானவராகவும் கைராசிக்காரராகவும் இருப்பார். பதிவெண் மட்டும் இருக்காது. சிகிச்சைக்கான பில் அனுப்ப உத்தேசம் இருந்தால், முதல் நாளே பதிவெண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது மரியாதைக் குறைவான செயல் அன்று.

‘துணை’ என்பது எதற்குத் துணை

நியூஜெர்சியில் இருக்கும் மகன் தொலைபேசியில் ‘இங்கே மெடிகேரோடு மெடிகேப் என்று ஒன்று எடுப்பார்கள், அங்கேயும் அப்படி எடுங்களேன்’ என்று சொல்வது வழக்கம். அமெரிக்காவில் 1965இல் சட்டமான மெடிகேர், 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு. அது செலுத்தியது போக நோயாளியின் பங்காக விழும் தொகையை, உதாரணமாக மருத்துவர் கட்டணம் போன்றவற்றில் வரும் 20 சதவீதத்தை, தனியாரிடம் வாங்கும் மெடிகேப் ஏற்கிறது. வீட்டைவிட்டு எளிதில் வெளியேற முடியாதவருக்குக் குறிப்பிட்ட நேரம் வந்துபோகும் நர்ஸையும் பிசியோதெரபியையும் மெடிகேர் தருகிறது. ஆனால் வேறு சிகிச்சை ஏதும் தேவைப்படாமல் குளிப்பாட்ட மட்டும் ஆள் வேண்டும் என்றாலோ, 24 மணி நேரமும் ஆள் வேண்டும் என்றாலோ அங்கேயும் மெடிகேர் தராது. நீண்டகாலப் பராமரிப்பு மெடிகேப்பிலும் வராது. அதற்கென்று தனியாக நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு விற்கப்படுகிறது. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் இந்தக் கவனிப்பையே கட்டாயமான சமூகக் காப்பீடாக்கிவிட்டன. நம் நாட்டில் அந்த வகை இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே இங்கே துணைக் காப்பீடு என்று விற்கப்படுபவை பெரும்பாலும் மருத்துவமனைச் செலவுக்குத் துணையே தவிர, வீட்டுச் செலவுக்கு நேரடித் துணை அல்ல.

அப்படியும் அவற்றால் பயன் உண்டு என்றே நான் நினைக்கிறேன், ஆனால் விளம்பரம் சொல்லும் காரணத்துக்காக அல்ல. இதை விளக்க ‘சூப்பர் டாப்-அப்’ என்ற வகையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒருவரிடம் 5 லட்சம் ரூபாய்க்கு ஓர் அடிப்படைப் பாலிசி இருக்கிறது. அதன்மேல் 15 லட்சம் ரூபாய்க்கு ஒரு துணைப் பாலிசி எடுக்கிறார். அந்தத் துணைப் பாலிசியில் 5 லட்சம் ‘டிடக்டிபிள்’ என்று எழுதியிருக்கும். முதல் 5 லட்சத்தை நீங்களோ உங்கள் வேறு பாலிசியோ பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். சிறிய செலவுகள் தன்னிடம் வராது என்பதால் இதன் பிரீமியம் குறைவாக இருக்கும். இனி அவருடைய பாலிசி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதாகக் கொள்வோம். ஜூலையில் இடுப்பெலும்பு முறிவுக்கு 4 லட்சம் ஆகிறது. நவம்பரில் தில்லியின் புகைக்காற்றில் நிமோனியா வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்ததற்கு 4.5 லட்சம் ஆகிறது. மொத்தம் 8.5 லட்சம். அடிப்படைப் பாலிசி ஜூலையில் 4 லட்சமும் நவம்பரில் மிச்சமிருந்த 1 லட்சமும் தந்துவிட்டுக் கைவிரிக்கிறது. மீதி 3.5 லட்சம் யார் பொறுப்பு?

அவர் வாங்கியது வெறும் ‘டாப்-அப்’ என்றால், அது ஒவ்வொரு முறை மருத்துவமனையில் சேர்வதையும் தனித்தனியே அளக்கும். 4 லட்சமும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, 4.5 லட்சமும் தாண்டவில்லை. ஆகவே ஒன்றும் வராது. ‘சூப்பர் டாப்-அப்’ என்றால் ஆண்டு முழுவதற்குமான செலவைக் கூட்டிப் பார்க்கும், 8.5 லட்சத்தில் 5 லட்சம் போக 3.5 லட்சத்தையும் அதுவே தரும். முதியவர்கள் ஒரே பெரிய நோயால் ஒருமுறை படுப்பதைவிட, ஒன்று தீர்ந்து இன்னொன்று என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சேர்வதே அதிகமாகக் காணப்படுவதால், ‘சூப்பர்’ என்ற அந்தச் சொல் இருக்கிறதா என்று தாளில் பார்த்துக்கொள்வது அவசியம்.

வீட்டுப் பராமரிப்புக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். அந்த 3.5 லட்சம் வங்கியில் போட்டு வைத்த வைப்புத் தொகையிலிருந்து போயிருந்தால், அட்டெண்டன்ட்டுக்கு மாதம் 20,000 ரூபாய் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 17 மாதச் சம்பளம் ஒரே நவம்பரில் கரைந்திருக்கும். காப்பீட்டால் வாங்க முடியாத கவனிப்பைச் சேமிப்பால்தான் வாங்க முடியும். அந்தச் சேமிப்பை மருத்துவமனை தின்றுவிடாமல் காப்பதுதான் துணைக் காப்பீட்டின் வேலை.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருத்துவமனையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறிப்பிட்ட தொகையைத் தரும் ‘டெய்லி கேஷ்’, வீட்டில் இருக்கும் நாள்களுக்கு உதவாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கையுறை, டயப்பர் போன்றவற்றுக்கும் பணம் தரும் இணைப்பு என்று விற்கப்படுவது பொதுவாக மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்கு மட்டுமே செல்லும். ‘கிரிட்டிகல் இல்னெஸ்’ பாலிசி மட்டும் தன்மையில் வேறானது. பக்கவாதம், புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட நோய் ஒன்று வந்தது உறுதியானால், பில் எதுவும் கேட்காமல் ஒரு மொத்தத் தொகையைக் கையில் கொடுத்துவிடும்; அதை அட்டெண்டன்ட் சம்பளத்துக்கும் செலவழிக்கலாம். ஆனால் இதில் சேரும் வயது பெரும்பாலும் 65க்குள் முடிந்துவிடுகிறது, எவ்வளவு கடுமையான பாதிப்பு என்பதற்கு வரையறை உண்டு, நோய் உறுதியான பிறகு பொதுவாக 30 நாள் உயிரோடிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. இப்போது 58 வயதில் இருப்பவர்கள் தமக்காக இதைப் பற்றி யோசிக்கலாம். 82 வயதான பெரியம்மாவுக்காக யோசிப்பதில் பயனில்லை.

தில்லியில் ஏற்கெனவே கையில் இருப்பவை

தலைநகரத்துத் தமிழ் முதியவர்களில் கணிசமானவர்கள் மத்திய அரசு அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களோ அவர்களுடைய துணைவியரோ ஆவர். அவர்களுக்கு மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். அட்டை இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஓய்வூதியருக்குக் கையில் பணம் கட்டாத சிகிச்சை, டிஸ்பென்சரியில் மாதாந்தர மருந்து, முன்அனுமதியோடு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், மூச்சுவிட உதவும் பைபாப் போன்ற கருவிகள் ஆகியவை அதில் கிடைக்கின்றன. வீட்டுச் செலவில் கருவிகளின் பங்கு பெரிதாக இருப்பதால், எதையும் கடையில் வாங்குவதற்கு முன் டிஸ்பென்சரியில் விசாரிப்பது நல்லது; வாங்கிய பிறகு அனுமதி கேட்டால் பதில் வேறாகிவிடும். குளிப்பாட்டிவிடும் உதவியாளரின் மாதச் சம்பளம் இதன் வழக்கமான சலுகைகளுள் வருவதில்லை.

சி.ஜி.எச்.எஸ். இருக்கும்போது தனியார் பாலிசியும் வைத்துக்கொள்ளலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். வைத்துக்கொள்ளலாம், ஒரே சிகிச்சைக்கு இரண்டிடமும் கேட்கலாம். முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற சான்றையும் பில் நகல்களையும் வாங்கி, மீதியை சி.ஜி.எச்.எஸ்.ஸிடம் அதன் கட்டண விகிதத்துக்கு உட்பட்டுக் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்து உண்மைச் செலவைத் தாண்டக் கூடாது, அவ்வளவே.

அடுத்தது ஆயுஷ்மான் பாரத். 2024 அக்டோபர் 29 முதல், 70 வயது நிறைந்த யாரும் வருமான வரம்பு இல்லாமல் ‘வய வந்தனா’ அட்டை பெறலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்கும். தில்லி 2025 ஏப்ரலில் இத்திட்டத்தில் சேர்ந்தபோது மாநில அரசும் 5 லட்சம் சேர்த்ததால் இங்கே மொத்தம் 10 லட்சம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. தனியார் பாலிசி வைத்திருப்பவரும் இதைப் பெறலாம், ஆனால் சி.ஜி.எச்.எஸ். அட்டைதாரர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டிலிருந்தபடி டிஸ்பென்சரி மருந்தை நம்பியிருக்கும் முதியவர் சி.ஜி.எச்.எஸ்.ஸை விட்டுவிடுவது எனக்கு உசிதமாகப் படவில்லை, ஏனென்றால் ஆயுஷ்மானில் புறநோயாளிச் சிகிச்சை இல்லை; வீடு திரும்பிய பின் 15 நாளுக்குத்தான் செலவை ஏற்கிறது. மாறாக, தனியார் நிறுவனங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், கரோல் பாகில் சிறுகடை வைத்திருந்தவர்கள், ஓய்வூதியமே இல்லாதவர்கள் இந்த அட்டையை முதலில் வாங்கிவிட்டு, பிறகு துணைக் காப்பீட்டைப் பற்றி யோசிப்பதே முறை.

மகனோ மகளோ வேலை பார்க்கும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோர் சேர்க்கப்பட்டிருந்தால் அதுவும் நல்லதே. அந்த வேலை போனால் அல்லது மாறினால் காப்பீடும் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, பெற்றோர் பெயரில் சிறிய தனிப் பாலிசி ஒன்றையும் விடாமல் வைத்திருக்க வேண்டும்.

வயதான பிறகு வாங்கும்போது

முன்பு 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கிடைப்பது அரிது. 2024 ஏப்ரல் முதல் ஒழுங்குமுறை அந்த வயது வரம்பை முன்வைப்பதில்லை. ஆனாலும் எந்த வயதினருக்கு எந்தப் பாலிசி, என்ன பிரீமியம் என்பது அந்தந்த நிறுவனத்தின் முடிவு. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 48 மாதமாக இருந்தது 36 மாதமாகக் குறைக்கப்பட்டது. 78 வயதில் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மூன்று ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லும் பாலிசியை வாங்குவதைவிட, அந்தப் பிரீமியத்தைத் தனிக் கணக்கில் போட்டு வருவது சிலருக்குப் பொருத்தமாக இருக்கலாம். இதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், பயத்தால் அல்ல.

விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது ‘பி.பி. மாத்திரையெல்லாம் எழுத வேண்டாம் மாமா, எல்லாருக்கும் இருப்பதுதானே’ என்று சொல்லும் ஏஜென்ட் உண்டு. எழுதிவிடுங்கள். தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்த பிறகு, மோசடி என்று நிறுவினாலொழிய, மறைத்ததைக் காரணம் காட்டி நிறுவனம் பணத்தை மறுக்க முடியாது என்பது விதி. ஆனால் அந்த 60 மாதத்துக்குள் விழப்போகும் முதியவரைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

‘கோ-பே’ என்ற சொல்லையும் தேட வேண்டும். முதியோர் பாலிசிகளில் ஒவ்வொரு பில்லிலும் இத்தனை சதவீதத்தை நாம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை சாதாரணம்; அறை வாடகைக்கு வரம்பு இருந்து, அதைவிடக் கூடிய அறையில் சேர்ந்தால் மற்றக் கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படும். பிரீமியத்தைப் பொறுத்தவரை இரண்டு ஆறுதல்கள்: 2025 ஜனவரி இறுதியில் வந்த உத்தரவின்படி முதியவர்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் நிறுவனம் ஆணையத்தைக் கலந்தாக வேண்டும், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு அதுவரை இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விலக்குகளைப் படிக்க ஒதுக்கியிருந்தால் எங்கள் வீட்டில் அவ்வளவு வருத்தம் வந்திருக்காது.

காப்பீடு அல்லாத ஒரு துணை

அட்டெண்டன்ட் சம்பளத்துக்கு எந்தப் பாலிசியும் நேரடியாக உதவாத நிலையில், மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பலர் முழுமையாக அறிந்திருக்கவில்லை. 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85இல் அது 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் 100 சதவீதமாகிறது. குடும்ப ஓய்வூதியம் பெறும் துணைவருக்கும் இது உண்டு. இங்கேதான் சிக்கல். பழைய ஓய்வூதிய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதி பதிவாகியிருக்காது. தேதி இல்லையென்றால் 80 வயது ஆனது வங்கிக்குத் தெரியாது. பெரியம்மாவின் தாளிலும் அந்த இடம் வெறுமையாக இருந்தது. பெரியப்பா பணியாற்றிய அலுவலகத்துக்குப் பிறந்த தேதிச் சான்றோடு எழுதிப் போட்டு, ஆணையைத் திருத்தி வாங்கிய பிறகு, நிலுவையும் சேர்ந்து வந்தது. இந்தப் பணத்துக்கு டாக்டர் கையெழுத்தோ அட்டவணையோ தேவையில்லை. பகல் டியூட்டிப் பெண்ணின் சம்பளத்தில் ஒரு பகுதி இப்போது அதிலிருந்துதான் போகிறது.

தாள்களும் முறையீடும்

வீட்டுச் சிகிச்சைக்குப் பணம் கேட்க நினைப்பவர்கள் தொடங்கும் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நர்ஸுக்கும் அட்டெண்டன்ட்டுக்கும் பியூரோ ஒரே பில் போட்டுத் தருவதுண்டு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், சேர்ந்திருந்தால் இரண்டுமே மறுக்கப்படலாம். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். பாலிசியே இல்லாத முதியவரின் மருத்துவச் செலவுக்கு, 80டி என்று பலருக்கும் பழகிய வருமான வரிக் கழிவைப் பழைய வரி முறையில் 50,000 ரூபாய்வரை கேட்கலாம். அதற்கும் ரொக்கம் ஆகாது.

மறுப்பு நியாயமற்றது என்று தோன்றினால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் நடுவரிடம்) போகலாம். தில்லிக்கான அலுவலகம் ஆசஃப் அலி சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய்வரையான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நாங்கள் போகவில்லை. பெரியம்மாவின் பில்களைப் பொறுத்தவரை நிறுவனத்தின் வாதம் சரியாகவே இருந்தது. அதன் பிறகு அக்கா அந்த நோட்டில் பென்சிலால் கோடு போட்டு மூன்று பத்திகளாக்கினாள்: டாக்டர் எழுதிக்கொடுத்தது, டிஸ்பென்சரியில் கேட்க வேண்டியது, நம் கையிலிருந்து போவது.